யார் கையெழுத்துப் போட்டது?

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மகள் இறந்த வாரத்தில் ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்து மைக்கை முகத்துக்கு நேரே நீட்டிப் பெயரைக் கேட்டார். "எம் பேரு இன்னாத்துக்கு? சரியில்லாத வண்டிய ஒருத்தன் அனுப்பனான் பாரு, அவன் பேர கேட்டுப் போடு" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார். அந்தப் பேச்சு ஒளிபரப்பாகவில்லை. அவர் வீட்டுக் கூரையையும் வாசலில் கட்டியிருந்த ஆட்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, பின்னால் புல்லாங்குழல் ஊதவிட்டார்கள். எனக்கு அவர் டிரைவர் அண்ணன். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நாலு நடை, மத்தியானத்துக்கு மேல் பெருநகருக்கு ஒரு நடை. அந்தத் தனியார் பேருந்தில் அவர் டிரைவராகவும் நான் கண்டக்டராகவும் பதினோரு வருடம் ஓடினோம். அந்தப் பதினோரு வருடத்தில் அவரை நான் மனதுக்குள் திட்டாத மாதம் இருக்காது. எல்லாம் அந்த நோட்டால்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும், இறங்குவதற்கு முன்னால், ஸ்டேரிங் மேலேயே அதை வைத்து எழுதுவார். 'முன் சக்கரம் இடது பக்கம் இழுக்குது.' 'ஹாரன் மழைக்கு அடிக்கல.' 'பின் படிக்கட்டு போல்ட்டு ஒன்னு இல்ல.' எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, மொச்சைக்கொட்டை அளவில் இருக்கும். எழுதி முடித்ததும் முதலாளி வீட்டுக்குப் போய் அதில் கையெழுத்து வாங்குவார். முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை கழுவும்வரை நிற்பார். தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்திருக்கும்வரை நிற்பார்.

"யோவ், நான் நடத்தறது பஸ்ஸா, பள்ளிக்கூடமா? வாயால சொன்னா என் காதுல வுழாதா?" என்று முதலாளி கத்துவார்.

"வுழும். நாளைக்கி கேட்டா வுழலன்னுவ. எய்திட்டா பேஜாரு இல்ல பாரு" என்பார் இவர். எழுதுவது அவர் வாயில் எய்துவதாகத்தான் வரும்.

ஒரு முகூர்த்த நாளில் நடந்ததைச் சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும். காலை முதல் நடை. பட்டுப் புடவை எடுக்க காஞ்சிபுரம் போகிற கூட்டம் வண்டியில் நிரம்பி, படிக்கட்டிலும் தொங்கியது. திருப்புலிவனம் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினார். இஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் எறங்குங்க. வண்டி போவாது" என்றார்.

வண்டிக்குள் ஒரே கூச்சல். கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, "இதுவரிக்கும் ஓடிக்கினுதானே வந்துச்சு? இப்ப இன்னா ஆச்சு?" என்று சண்டைக்கு நின்றார்.

"ஓடறது இன்னா பெருசு? நிக்கணும். அங்க பாலாத்துப் பாலம் கீது. நிக்கலன்னா இன்னா பண்ணுவ?"

முதலாளி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். ஜனங்களுக்கு நடுவில் இவரை நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்.  இவர் நோட்டைப் பிரித்து, முந்தின நாள் பக்கத்தை எடுத்து, முதலாளியின் கண்ணுக்கு நேரே பிடித்தார். 'பிரேக் லேட்டா புடிக்குது.' அதன் கீழே முதலாளியின் கையெழுத்து. முதலாளி அதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடியும் தன் கையெழுத்தையே யாரோ வேற்றாள் கையெழுத்தைப் போலப் பார்த்தார். பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மெக்கானிக் வந்து பின் சக்கரத்துக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பிரேக்குக்குக் காற்று போகிற குழாய் பாதிக்கு மேல் அறுந்து நிற்பதாகச் சொன்னார். கூட்டம் அதற்குள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது. 'நல்ல வேளை' என்று சொல்ல அங்கே ஒருவர்கூட மிச்சமில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு நாள் வசூல் போன எரிச்சலில் இருந்தேன்.

இந்தப் பழக்கம் அவரை எப்போது பிடித்தது என்று அண்ணிதான் எனக்குச் சொன்னார். கல்யாணமான புதிதில் இவர் வேறொரு முதலாளியிடம் வண்டி ஓட்டியிருக்கிறார். அங்கே கூட ஓட்டிய சிநேகிதர், பிரேக் சரியில்லை என்று முதலாளியிடம் மூன்று நாள் வாயால் சொல்லியிருக்கிறார். 'இன்னும் ரெண்டு நாள் ஓட்டு' என்று பதில் வந்திருக்கிறது. நாலாம் நாள் வண்டி, களை எடுத்துவிட்டுச் சாலையோரம் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் மேல் ஏறிவிட்டது. கோர்ட்டில் அந்த முதலாளி, என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். சிநேகிதர் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்த பிறகு அவர் ஸ்டேரிங்கைத் தொடவே இல்லை. ஒரு கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மாதம் ஒருமுறை போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார். 

வீட்டிலும் இதே கதைதான். காஸ் அடுப்புக்குக் குழாய் மாற்ற வந்த ஆளிடம் கையெழுத்துக் கேட்க, அவன் சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். மகள் நித்யா பத்தாவது படித்தபோது பள்ளிக்கூட வேனின் டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். டயர் மாற்றுகிறோம் என்று பள்ளித் தாளாளர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வழி விட்டார். வேனுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்களாம். நித்யா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. எட்டாம் நாள் புது டயர் மாட்டியதும் அவளே வந்து, "நைனா, மாத்திட்டாங்க" என்றிருக்கிறாள். அதை எங்களிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்தப் பெண் நர்ஸ் படிப்பு முடித்து வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறை. வந்தால் எங்கள் வண்டியில் ஏறி, இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெருநகர்வரை சும்மா போய்விட்டு வருவாள். கடைசி முறை திரும்பிப் போகும்போது பக்கத்து மாநிலத்து விமான நிலையம் ஒன்றிலிருந்துதான் டிக்கெட் கிடைத்தது. ரயிலேற்றிவிட அண்ணன் போயிருந்தார். மறுநாள் வண்டி எடுக்கும் முன் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ரயிலு ஏறங்காட்டி சொன்னா. 'நைனா, பிளேனாண்ட போயி டயர தட்டிக்கினு நிக்க முடியாது. அதுக்குன்னே படிச்சவங்க கீறாங்க. அவங்க பாத்து கையெய்த்து போட்டாத்தான் வண்டியே நவுரும்'னா. கையெய்த்து போட்டாத்தானாம்டா! அப்படித்தான் இருக்கணும்."

அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே, காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும் நடையில், ஓரிக்கை தாண்டியதும் அவருடைய போன் அடித்தது. ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருக்க மாட்டார். என் தோல்பையில்தான் கிடக்கும். எடுத்தேன். அண்ணி.  "டிவில... பிளேன்னு... நம்ம நித்யா போற பிளேனு" என்று மட்டும் கேட்டது. பிறகு அழுகை. வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது பேர் உட்கார்ந்தும் நின்றும் இருந்தார்கள். இப்போது சொல்வதா, ஊர் போய்ச் சேர்ந்து சொல்வதா? நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, டிக்கெட் கொடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பாலம் முடிந்தது. வண்டி மெதுவாக ஓரம் கட்டியது. கைப்பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர் கையை ஸ்டேரிங்கிலிருந்து எடுத்துத் தன் மடிமேல் வைத்துப் பார்த்தார். பத்து விரலும் நடுங்கின. சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மொதலாளிக்குப் போன் போடு. டிரைவர் சரியில்லன்னு சொல்லு. வேற ஆள அனுப்பச் சொல்லு. இந்தக் கையால ஓட்டக் கூடாது."

வேறு டிரைவர் வரும்வரை சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக ஒருவன், "இன்னாய்யா இது, வேலைக்குப் போறவன் போவ வேணாவா?" என்று கத்தினான். நான் கீழே இறங்கி அவன் சட்டையைப் பிடித்தேன். அண்ணன்தான் விலக்கிவிட்டார்.

விமானம் கிளம்பிச் சில நிமிடங்களில் விழுந்திருக்கிறது. இடது பக்கத்து இஞ்சின் ஆகாயத்தில் வெடித்து, ஓடுபாதைக்கு அப்பால் இருந்த வெட்டவெளியில் நெருப்புப் பிடித்து விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. எட்டாம் நாள் நித்யா ஒரு பெட்டியில் வந்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று எழுதிய காகிதம் மூடியில் ஒட்டியிருந்தது. "எம் பொண்ணு மூஞ்சிய பாக்க எனக்கு எவன் உத்தரவு குடுக்கணும்?" என்று அண்ணி பெட்டி மேல் விழுந்து புரண்டார். பெட்டியோடு வந்த அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்த மணிக்கட்டு எனக்கு மறக்கவில்லை.

விமானக் கம்பெனியிலிருந்து இருவர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். "இது கடவுள் சித்தம் ஐயா. யார் கையிலும் இல்ல" என்றார் ஒருவர்.

"கடவுளா அந்த இஞ்சின பாத்து அனுப்பனாரு?" என்று கேட்டார் அண்ணன். வந்தவர்கள் நாங்கள் கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அதே வாரத்தில் தொலைக்காட்சிகள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டன. விமானி! பழுதான இடது இஞ்சினை விட்டுவிட்டு நன்றாக ஓடிய வலது இஞ்சினை அவர் பதற்றத்தில் அணைத்துவிட்டாராம். விசாரணை தொடங்கவே இல்லை, ஆனால் கோட்டு போட்டவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, படம் போட்டுக் காட்டி, தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அந்த இளைஞரின் புகைப்படத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டார்கள். எங்கள் தெருவிலும் அதே பேச்சு. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "அந்தப் பாவி நல்லா இருப்பானா" என்றார்கள். அவன்தான் செத்துவிட்டானே என்பதுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அண்ணியும் மாரில் அடித்துக்கொண்டு விமானியைத்தான் சபித்தார்.

அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அண்ணன் திரும்பினார்.

"சும்மா இரு. அவனும் செத்துட்டான்டி. செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான்னுதான் அவன் தலைல போடறானுங்க. நான் வண்டிய கவுத்துட்டு செத்தா எனக்கும் இதான்."

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்தார். ஆள் ஏற்றாமல் வெறும் வண்டியைப் பெருநகர்வரை ஓட்டிப் பார்த்து, கை நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஜனங்களை ஏற்ற விட்டார். அந்த வாரக் கடைசியில் என்னிடம், "மெட்ராசு போவணும், கூட வா" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அந்தப் புள்ள வூட்டுக்கு" என்றார். எந்தப் பிள்ளை என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி. கதவில் யாரோ கரியால் 'கொலைகாரன்' என்று எழுதி, அதை யாரோ ஈரத்துணியால் துடைத்து, எழுத்து போகாமல் பரவியிருந்தது. கதவைத் திறந்தவர் விமானியின் அப்பா. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "யாரு?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு அந்த பிளேன்ல போனா சார்."

அந்த மனிதர் அப்படியே மடங்கி இவர் காலைப் பிடிக்க வந்துவிட்டார். "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பின்னால் விமானியின் அம்மா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து, அடி வாங்கப்போகிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அண்ணன் வாத்தியாரின் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார்.

"இன்னா சார் நீங்க. எயிந்திருங்க. நானும் டிரைவர்தான் சார். பஸ்ஸு ஓட்டறேன். நான் ஒன்னே ஒன்னு கேக்கத்தான் வந்தேன். அந்த இஞ்சின் சரியில்லன்னு உங்க புள்ள முன்னாடியே எய்திக் குட்த்தாரா?"

வாத்தியார் அழுகையை நிறுத்தி இவரைப் பார்த்தார். இத்தனை நாளில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

"அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி இதே விமானத்தை ஓட்டிட்டு வந்தப்ப போன்ல சொன்னான். இடது இஞ்சின் ஒரு மாதிரி அதிருதுப்பா, பதிவேட்டுல எழுதியிருக்கேன், பாத்துடுவாங்கன்னான். பாத்தாச்சு, அளவுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லி மறுபடி அதே விமானத்தையே குடுத்திருக்காங்க. நான் இதை வந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். யாரும் எழுதிக்கல."

அண்ணனுக்கு வந்த கோபத்தை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அது கிறீச்சிட்டது.

"வாயால சொல்லாதீங்க சார். எய்துங்க. இப்பவே. நீங்க வாத்தியாரு, அழகா எய்துவீங்க. பதிவுத் தபால்ல போடுங்க. ரசீத பத்திரமா வெச்சிக்குங்க. நானும் எய்தறேன்."

அந்த அம்மா எங்களுக்குச் சாப்பாடு போட்டார். அந்த வீட்டில் வெளி ஆள் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது என்றார். அண்ணன் விசாரணைக் குழுவுக்கு எழுதிய மனுவில் இரண்டே வரி. 'ஐயா, வண்டி எடுக்கும் முன்னால் டிரைவர் எழுதின புக்கை பார்க்கவும். அதில் யார் கையெழுத்து போட்டது என்று சொல்லவும்.' டைப் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், தன் கையெழுத்திலேயே போகட்டும் என்றார்.

நாலு மாதம் கழித்து, இறந்தவர்களின் குடும்பங்களைச் சென்னையில் ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை, மேசைக்கு மேசை பூ. கம்பெனியின் பெரிய அதிகாரி ஆங்கிலத்தில் பேச, ஒரு பெண் தமிழில் சொன்னார். எல்லா விதிமுறைகளும் பின்பற்றப்பட்டன, எங்கள் இதயம் உங்களோடு இருக்கிறது என்று என்னென்னவோ. கேள்வி கேட்கலாம் என்றதும் அண்ணன் எழுந்தார்.

"அந்த இஞ்சின பாத்துட்டு, பிளேனு போலாம்னு கையெய்த்து போட்டது யாரு?"

அந்தப் பெண் அதிகாரியிடம் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு பதில் சொன்னார். "இழப்பீடு சீக்கிரமே கிடைக்கும், கவலைப்பட வேண்டாம்னு சார் சொல்றாங்க" என்றார் அந்தப் பெண்.

"நான் அத்த கேக்கலயேம்மா" என்றார் அண்ணன்.

பின்வரிசையில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் எழுந்து, "அவர் கேட்டது ஒன்னு, நீங்க சொன்னது ஒன்னு" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்திவிட்டு, அண்ணனின் கேள்வியை அதிகாரியிடம் நேராக ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு மனிதன் மகளைக் கொன்றது யார் என்று கேட்கிறான். அதைப் பணம் எப்போது வரும் என்று மாற்றிச் சொல்ல எப்படி மனசு வந்தது? ஏழையின் வாயிலிருந்து வேறு கேள்வி வராது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

இந்த முறை பதில் வேறாக வந்தது: "அது தனி ஒருவர் எடுக்கிற முடிவு இல்ல. அது ஒரு நடைமுறை."

"நடைமுறைக்குக் கை கீதா? அது எப்படிம்மா கையெய்த்து போடும்?"

எல்லோருக்கும் நேரம் வேண்டும், உட்காருங்கள் என்று சொல்லி மைக்கை வேறு பக்கம் எடுத்துப் போய்விட்டார்கள். அவர் உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு முறை காவலாளி வந்து காதில் ஏதோ சொன்னான். அப்போதும் நின்றார். நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து நின்றிருக்கலாம். கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்தால் எனக்கு இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது.

முதலாளியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நித்யா இறந்த பிறகு அவரே தினமும் நோட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுதிய பழுதை மறுநாளே சரி செய்தார். மூன்று மாதம். அதற்குப் பிறகு, "யோவ், இது பஸ்ஸா பள்ளிக்கூடமா?" என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார். மனிதர்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் தாங்காது போலிருக்கிறது. அண்ணன் ஒருவர்தான் விதிவிலக்கு. போன வருடம் தை மாதத்தில், மாரடைப்பில் போகிறவரைக்கும் அவருக்கு அந்தக் கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

விபத்து நடந்து மூன்று வருடம் கழித்து, அண்ணன் இருக்கும்போதே, விசாரணை அறிக்கை வந்தது. எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சர் இரண்டு நாள் உட்கார்ந்து படித்து, முக்கியமான பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். இடது இஞ்சினுக்குள் சுழலும் ஒரு தட்டில் வெகு நாளாக விரிசல் இருந்திருக்கிறது. அது உடைந்து சிதறிய துண்டுகள் விமானத்தைத் திருப்ப உதவும் எண்ணெய்க் குழாய்களை அறுத்துவிட்டன. அதற்குப் பிறகு யார் ஓட்டியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. விமானி வலது இஞ்சினை அணைக்கவே இல்லை. அதிர்வைப் பற்றி அவர் எழுதியது பதிவேட்டில் அப்படியே இருந்தது. பிரித்துப் பார்க்க வேண்டிய இஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல், அடுத்த சோதனைக்குத் தள்ளிவைத்துப் பறக்க விட்டிருக்கிறார்கள்.

தள்ளிவைத்தது யார்? பெயர் இல்லை. 'நடைமுறைக் குறைபாடு' என்று போட்டிருந்தது. ஒருவர் வேலையும் போகவில்லை, ஒருவர் மேலும் வழக்கு இல்லை. விமானியைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டுக் காட்டிய தொலைக்காட்சிகள், அவர் நிரபராதி என்ற செய்தியை அடியில் ஓடும் வரியாக ஒருமுறை ஓட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டன. அந்த வரி ஓடியபோது அதற்கு மேலே ஒரு நடிகையின் வளைகாப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் அந்தத் தமிழ்ப் பக்கத்தை ஒரு கட்டு நகல் எடுத்தார். உத்திரமேரூரில், தன் வீட்டுத் துக்கத்துக்கு வந்து விமானியைத் திட்டியவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். "அன்னிக்கி இன்னா சொன்ன? இத படி" என்று கையில் கொடுத்து, படித்து முடிக்கும்வரை நின்றார். சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர், போன உயிர் திரும்பவா போகிறது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களிடம், "உயிரு வராது. போன பேரு வரும்ல?" என்றார். அண்ணியிடம் கடைசியாகக் கொடுத்தார். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. டீச்சர்தான் படித்துக் காட்டினார். அண்ணி, "அந்தப் புள்ளயோட அம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி நாங்கள் இருவரும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வாத்தியாரின் பெயரைச் சொன்னதும் வாசலில் இருந்த காவலாளி, அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது என்றார். அம்மா மட்டும்தான் இருக்கிறார், யாரும் வருவதில்லை, குடியிருப்பு விசேஷங்களுக்கும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை என்றார்.

அண்ணன் படியேறவில்லை. கார்கள் நிற்கும் இடத்தின் நடுவில், நாலு பக்கமும் மாடிகள் தெரிகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"மூணாவது மாடி வாத்தியாரு புள்ளய பத்தி ஒரு சேதி கீது. எல்லாரும் கேளுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர் கூவுகிற தொண்டையில் படித்தார். ஒவ்வொரு மாடியாக ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வாளியைக் கீழே வைத்தாள். "என்னங்க இது ஞாயித்துக்கிழமையும் அதுவுமா" என்று ஒரு குரல் வந்தது. அவர் நிறுத்தவில்லை. நான் இந்த முறை அவர் பக்கத்தில் நின்றேன்.

'விமானியின் செயலில் எந்தத் தவறும் இல்லை. இஞ்சினில் அதிர்வு இருப்பதை அவர் இரண்டு நாள் முன்பே பதிவேட்டில் எழுதியிருந்தார்' என்று முடித்து, காகிதத்தை மடித்தார். யாரும் இறங்கி வரவில்லை.  இரண்டு மூன்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

அப்போதுதான் மாடிப்படி வழியாக அந்த அம்மா வந்தார். மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கியிருக்கிறார். மூச்சு வாங்கியது. எங்களுக்கு முன்னால் வந்து நின்று, அண்ணன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை படிங்க" என்றார். "அவங்க ஜன்னலைத் திறக்கட்டும்."

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டார். காகிதத்தைப் பிரித்து, சாத்திய ஜன்னல்களைப் பார்த்துத் திரும்பி நின்று, முதல் வரியிலிருந்து படித்தார்.